ஐயமும் திரிபும்: பாலாற்றங்கரையில் ஒரு மெய்யியல் வினா

ஆங்கிலத்தில் மனக்குழப்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. விடை தெரியாத வினாவின் முன் நிற்பவனைப் ‘பஸில்டு’ என்றும், எவ்வழியும் சிக்கலாகவே தோன்றத் துணிய மாட்டாது தவிப்பவனைப் ‘பெர்ப்ளெக்ஸ்டு’ என்றும், திசை தப்பியவன்போல் திகைப்பவனைப் ‘பிவில்டர்டு’ என்றும் அம்மொழி பிரித்துரைக்கிறது. இவை பெரும்பாலும் குழம்பியவனின் மனநிலையைக் காட்டும் சொற்கள். தமிழகத்தில் வேரூன்றிய சமய மரபுகளோ, குழம்பியவன் எவ்வாறு உணர்கிறான் என்பதைவிட, அவனது அறிவு பொருளோடு எவ்விடத்தில் பொருந்தாது போயிற்று என்பதையும், அந்நிலையில் அவன் செய்யக் கடவது யாது என்பதையுமே முதன்மையாக ஆராய்ந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்த ஆராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் மருள், இருள், ஐயம், மயக்கம் ஆகிய நான்கு சொற்களும் இடம்பெறுகின்றன. அளவை நூலார், அதாவது அறிவு பிறக்கும் வழிகளை ஆராய்ந்த தர்க்கவாணர், இக்களத்தில் இரண்டைத் தெளிவாகப் பிரித்தனர். அந்தி ஒளியில் தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என ஒரு பொருளின்மேல் இரண்டு முடிவுகள் ஊசலாடுவது ஐயம். கிடக்கும் இப்பியை வெள்ளி என்றே துணிந்துவிடுவது திரிபு. ஐயமுற்றவன் தன் அறிவு முற்றுப்பெறவில்லை என்பதை அறிவான். ஆதலால் அருகில் சென்று பார்ப்பான். திரிபுற்றவனுக்கோ தேட வேண்டிய தேவையே தோன்றுவதில்லை, ஏனெனில் அவன் தன்னைத் தெளிந்தவனாகவே கருதிக்கொண்டிருக்கிறான். எனவே, உறுதியின் அளவை மட்டும் கொண்டு அறிவை மதிப்பிடுவது தவறு. தடுமாறும் ஐயம், உறுதியான திரிபைவிட உண்மைக்கு அணித்தானது.

வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவைப் பெற்ற 16-ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்பய்ய தீட்சிதர், ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தைச் சேர்ந்தவர். அவருடைய புலமைக்காக நாயக்கர் செய்த பொன்முழுக்கை அவ்வூர்க் கோயிலின் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. அவரது ‘சித்தாந்த லேச சங்கிரகம்’ அத்வைதத்துக்குள்ளேயே எழுந்த கருத்து வேறுபாடுகளைத் திரட்டித் தருவது. உலகத் தோற்றத்துக்கெல்லாம் காரணமாகிய அவித்தை, அதாவது அடிப்படை அறியாமை, யாரைப் பற்றி நிற்கிறது என்பது அவ்வேறுபாடுகளுள் முதன்மையான ஒன்று. அது சீவனை, அதாவது தனி உயிரை, பற்றியது என்பது அத்வைத அறிஞர் வாசஸ்பதி மிசிரரின் வழி. பிரம்மத்தையே பற்றியது என்பது ‘விவரணம்’ என்னும் உரையைப் பின்பற்றுவோர் வழி. தீட்சிதர் ஒன்றை நிறுத்தி மற்றதை வீழ்த்த முற்படாமல், ஆன்மா ஒன்றே என்பதை நிறுவுவதில் கருத்தூன்றிய முன்னோர் இடைவழிகளைப் பலவாறாகக் காட்டினர் என்று கொண்டு, எல்லாவற்றையும் அருகருகே வைத்தார். அறியாமையைப் பற்றிய கொள்கைகளிலேயே பன்மையை அனுமதித்த இந்தப் பொறுமை, ஐயத்தை இழிவாகக் கருதாத மனத்துக்கே வாய்ப்பது.

அதே வேலூரில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் கற்பிக்கப்படும் ஃபிக்ஹு, அதாவது இஸ்லாமியச் சட்டவியல், இன்னும் நுண்ணிய படிநிலைகளை உடையது. அசையாத உறுதி யகீன். ஒரு பக்கம் மிகுந்து சாயும் கருத்து ழன். இரு பக்கமும் சமமாக நிற்பது ஷக். வலுவற்ற பக்கத்தின் நினைப்பு வஹ்ம். இப்படிகளின் மேல் எழுந்த அடிப்படை விதி, ஐயத்தால் உறுதி நீங்காது என்பது. தொழுகைக்கு முன் உடலைக் கழுவித் தூய்மை செய்வதாகிய ஒளூவைச் செய்ததை உறுதியாக அறிந்தவன், அது முறிந்ததோ என ஐயுற்றால், பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் கருத்துப்படி அவனுடைய ஒளூ நிலைபெறும். முடிவின்றி மீண்டும் மீண்டும் கழுவத் தூண்டும் ஐயம் ‘வஸ்வாஸ்’ எனப்பட்டது. அது பேணுதலாக அன்றி நோயாகவே எண்ணப்பட்டது.

இவ்விதி தோலுக்கும் உரியது. முறைப்படி அறுக்கப்படாமல் செத்த பிராணியின் தோல் தூய்மையற்றது. ‘திபாக்’ எனப்படும் பதனிடுதலால் அது தூய்மை பெறும் என்பது ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு சட்ட வழிகளுக்கும் உடன்பாடு. ஷாஃபி வழியார் துவர்ப்புடைய பொருளால் பதனிட வேண்டும் என்பர். ஹனஃபி வழியார் வெயிலில் உலர்த்துவதையும் ஏற்பர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இவ்வட்டாரத்தின் பழைய முறை, இரண்டையும் நிறைவு செய்தது. இங்கே கவனிக்கத்தக்கது, மெய்ப்பிக்கும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதே. தோல் முன்பிருந்த நிலை தூய்மையின்மை ஆதலால், அது மாறிவிட்டது என்பவனே மாற்றத்தைக் காட்ட வேண்டும்.

பதனிட்ட கழிவுநீர் இவ்வட்டாரத்தின் பாலாற்றில் கலந்தபோது இதே வினா வேறு வடிவில் எழுந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. கடுமையான, மீட்க முடியாத கேடு நேருமென்ற அச்சம் இருக்கையில், அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயல் கேடற்றது என மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவரையே சாரும் என்பது அதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்த்தால், ஐயத்தைப் பொருட்படுத்தாதே என்னும் ஃபிக்ஹு விதியும், ஐயம் இருந்தாலே நடவடிக்கை எடு என்னும் இத்தீர்ப்பும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் காப்பது முன்னரே உறுதியாக இருந்த நிலையைத்தான். அங்கே அது ஒளூவின் தூய்மை. இங்கே அது பாலாற்றின் தூய்மை. வேறுவேறு மூலங்களிலிருந்து வந்த இவ்விரு நெறிகளும் இந்த அமைப்பில் ஒன்றுபடுவது தற்செயலானதாக இருக்கலாம்; எனினும் ஐயம் மாற்றத்தை விளைவிப்பவனுக்குச் சலுகை ஆகாது என்பதை இரண்டும் ஏற்கின்றன. கழிவால் கேடு உண்டென முழுதும் நிறுவப்படவில்லை என்னும் கூற்று ஐயம். ஆகவே கேடு இல்லை எனத் துணிவது திரிபு. முன்னதைப் பின்னதாக மாற்றிக்கொள்வதே இத்தகைய வழக்குகளில் நேரும் பெரும்பிழை.

அத்தீர்ப்பின் வழியே அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு வரையறுத்தது. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருள் இன்னும் பெறாதவர்களுக்கு அத்தொகையை ஆறு வாரத்துக்குள் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.