காரணமும் மன்னிப்பும்

பாட்டியின் அப்பா சயாம் மரண ரயிலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

"லோரி சத்தம் கேட்டா ரப்பர் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சிக்குவாரு. தூக்கத்துல அம்மா கை பட்டா அடிச்சிடுவாரு. பேய் புடிச்சிருக்குன்னாங்க" என்பார் பாட்டி.

மருத்துவ உலகம் இதற்குப் பிடிஎஸ்டி என்று பெயர் வைத்தது 1980இல்தான். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு, பழசை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, உணர்ச்சி மரத்துப்போவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். மூளையின் அபாயமணியான அமிக்டலா ஓயாமல் அடிக்கிறது. ‘அது அன்று நடந்தது, இன்று இல்லை’ என்று பிரித்துச் சொல்ல வேண்டிய ஹிப்போகேம்பஸும், மணியை அடக்க வேண்டிய முன்மூளையும் தடுமாறுகின்றன.

நான் பொறியாளன். கோளாறு எங்கே என்று தெரிந்தாலே எனக்குப் பாதி நிம்மதி. பாட்டியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, அப்ப அம்மா வாங்குன அடி?" என்றார்.

காரணம் தெரிவதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. மன்னிக்கும் உரிமை அடி வாங்கியவருக்கு மட்டுமே, எனக்கில்லை. ஆனால், அன்று பேய் என்றவர்களுக்குச் சாமியாடியைத் தவிர வேறு வழி தெரியாது. நமக்குத் தெரியும், சிகிச்சையும் இருக்கிறது. தெரிந்த பிறகும் ‘அவன் குடிகாரன், முன்கோபி’ என்று சொல்லி நகர்ந்துவிட்டால், அடுத்து விழும் அடியில் நமக்கும் பங்கு உண்டு.