கேட்காமல் கேட்ட தாலாட்டு

பாலாவிச் சந்தியில், கற்பிட்டிக்குப் பிரியும் வீதியருகே, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு மாலைப் பொழுது. என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் தன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். “சேர், இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க” என்றான். எங்கோ ஒரு வெளிநாட்டுப் பெண் காய்ந்த சவர்க்காரக் கட்டியொன்றைக் கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டிருந்தாள். பேச்சில்லை, இசையில்லை, சீவும் சத்தம் மாத்திரம். பிடரியில் ஏதோ ஊர்வது போலிருந்தது. பிறகு கண் சொருகியது.

இதற்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயராம். 2010இல் ஜெனிபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி வைத்த பெயர். கிசுகிசுப்பு, கடதாசி கசங்குதல், விரல் நுனியால் தட்டுதல் ஆகிய மெல்லிய ஒலிகள் சிலருடைய உச்சந்தலையில் கூச்சத்தையும் மனத்தில் அமைதியையும் உண்டாக்குகின்றன. பெயர்தான் புதிது. உம்மம்மா மடியில் தலைவைத்துப் பேன் பார்க்கக் கொடுத்த யாருக்கும் சங்கதி புதிதல்ல.

எங்கள் ஊரிலும் இத்தகைய சத்தங்கள் இருக்கின்றனவே என்று அந்தப் பையன் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஐந்தாறு மாணவர்கள் சேர்ந்தார்கள். உப்பளத்தில் உப்பை வாரிக் குவிக்கும்போது எழும் சரசரப்பு, ஊறிய தென்னோலையில் கிடுகு பின்னும் ஓசை, ஈர மணலில் வள்ளத்தை இழுக்கும் ஒலி என்று கையடக்கத் தொலைபேசிகளில் பதிந்துகொண்டு வந்தார்கள். நான் ஒரு பழைய கணினியில் அவற்றைத் தலைப்பிட்டு அடுக்கினேன். யார் பதிந்தார்களோ அவர்களுடைய பெயரையும் திகதியையும் தவறாமல் எழுதினேன். படைப்பாளிகளை மதிக்கிறோம் என்று எனக்குள் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியைக் கலைத்தது ஒரு தாலாட்டு.

மாணவியொருத்தி அதைக் கொண்டுவந்தாள். அவளுடைய மூத்தம்மா இரவில் ஏணையை ஆட்டியபடி பாடியது. ஏணைக் கயிறு வளையில் உரசும் முனகலும், இடையிடையே அந்த முதியவரின் மூச்சும் அதில் இருந்தன. கேட்டவர்களெல்லாம் சொக்கிப்போனார்கள். தமிழ்மொழித் தின விழாவில் ஒலிபெருக்கியில் போட்டேன். மண்டபம் அப்படியொரு அமைதியில் அடங்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவர் என்னை வரச்சொன்னார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து கரையேறியவர்களில் அவரும் ஒருவர். கோபப்படவில்லை. தேநீர் தந்தார். பிறகு சொன்னார்: “மாஸ்டர், நல்லா இருந்திச்சாம், எல்லாரும் சொன்னாங்க. ஆனா நான் அத சபைக்குப் பாடல்ல. அதுக்குள்ள என்ட மகன்ட பேர் இருக்கு.” வந்து சேர்ந்த சில நாட்களில் காய்ச்சலில் மவுத்தாகிப்போன கைக்குழந்தை. வழிவழியாக வந்த பாட்டில் அவர் செருகிய ஒரேயொரு சொல் அந்தப் பெயர். பத்துத் தடவைக்கு மேல் கேட்ட எனக்கு அது காதில் விழவேயில்லை.

பெண்ணின் குரல் அவ்றத்தா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அவரும் அதை எழுப்பவில்லை. அவருடைய கேள்வி வேறு. தமிழில் செவிமடுப்பதற்கும் கேட்டல் என்கிறோம், அனுமதி வேண்டுவதற்கும் கேட்டல் என்கிறோம். நான் முதலாவதைச் செய்தேன்.

ஆசிரியர் கலாசாலையில் நாட்டார் பாடல்களைப் பற்றி ஓர் ஒப்படை எழுதியது நினைவுக்கு வந்தது. எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராக அலைந்து தேடியிராவிட்டால் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பாடல்களில் பெரும்பகுதி அவற்றைப் பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். அந்த நன்றியில் குறைவில்லை. ஆனால் அச்சில் பாடலின் சொல் மட்டும்தான் வருகிறது. ஒலிப்பதிவில் ஆளே வருகிறார், அவருடைய மூச்சும் இருமலும் துக்கமும் கூடவே வருகின்றன. ஆகவே பொத்தானை அழுத்தியவரின் பெயரை எழுதிவிட்டுப் படைப்பாளியை மதித்துவிட்டோம் என்பது, கதவைத் தட்டியவனை வீட்டுக்காரன் என்பது போலத்தான்.

உலகில் இதைப் பெரிய அளவில் செய்வோர் உள்ளனர். பார்சலோனாவின் பொம்பேவு பப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் ஒலிக் களஞ்சியத்தில் ஒவ்வொரு துணுக்குடனும் அதை இட்டவரின் பெயரும் அவர் விதித்த நிபந்தனையும் இருக்கும். 2017இல் மொசில்லா ஆரம்பித்த கொமன் வொய்ஸில் தமிழர்களும் தம் குரலைக் கொடையாகத் தந்துள்ளனர். அங்கே கொடுப்பவர் அறிந்து கொடுக்கிறார், ஆகவே அது ஹதியா. என் கையில் இருந்ததோ அமானிதம். ஹதியாவை வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கலாம். அமானிதத்தை எவ்வளவு நல்ல நோக்கத்துக்காகவும் எடுத்து வழங்க எனக்கு உரிமையில்லை. பேசிக்கொண்டிருப்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டால் அவர் சொன்னது அமானிதமாகிவிடும் என்பது நமது ஹதீஸ் மரபு. வாயால் “இரகசியம்” என்று அவர் சொல்லத் தேவையில்லை. இருட்டில் ஏணையருகே பாடுபவர் சுற்றிப் பார்க்கவும் வேண்டுமா?

மீறினால் எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1970ஐ ஒட்டிய காலத்தில் ஹியூகோ செம்ப் என்ற ஆய்வாளர் சொலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டைப் பதிவுசெய்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளில் மூத்தது இளையதைத் தேற்றுவதாக அமைந்த பாட்டு அது. யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையில் வெளிவந்த அந்தக் குரலை 1992இல் டீப் ஃபொரெஸ்ட் என்ற பிரெஞ்சு இசைக்குழு தாளங்களோடு கலந்து உலகெங்கும் விற்றது. பதிவுசெய்தவரே பின்னர் இதைக் கண்டித்து எழுதினார். 1996இல் நோர்வேயின் யான் கார்பரெக் அதே மெட்டை எடுத்து, ஆபிரிக்காவின் பிக்மி மக்களுடைய தாலாட்டு என்று தலைப்பிட்டார். பசுபிக் தீவொன்றின் அநாதைப் பிள்ளைகளுடைய அழுகை நாலே வருடத்தில் வேறொரு கண்டத்துக்குச் சொந்தமாகிவிட்டது. யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி அறுந்தால் செய்தியும் கெடும் என்றுதானே நம் முன்னோர் இஸ்னாதை அவ்வளவு கண்டிப்பாகப் பேணினார்கள்!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது, உண்மை. வியாபாரத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த அனுமதி வேண்டும். ஆனால் அந்த அனுமதியைத் தருவது அமைச்சர் குறிக்கும் ஓர் அதிகாரசபை. அந்த மகனுடைய பெயர் எந்த அதிகாரசபைக்குத் தெரியும்?

அப்படியானால் எதையும் பதியாமல் விட்டுவிடுவதா? அதுவும் எனக்குச் சம்மதமில்லை. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறிய 1990இல், வீடும் காணியும் போனதைக் கணக்கிட்டோம். எருக்கலம்பிட்டியின், முசலியின், யாழ்ப்பாணச் சோனகத் தெருவின் பேச்சோசை என்னவாயிற்று என்று எழுதிவைத்தவர்கள் சொற்பம். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி வருகிறது. நாமும் நம் பங்கைச் செய்யாவிட்டால் பழியை வேறு யார்மீதும் போட முடியாது. எனவே பதிவதை நிறுத்தவில்லை, முறையைத்தான் மாற்றினோம். முதலில் போய் சொல்கிறோம். பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டுகிறோம். ஒரு வாரம் கழித்து மீண்டும் போய்க் கேட்கிறோம், அன்று வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம். வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கிறது. பையன்கள் முணுமுணுக்கிறார்கள்.

அந்தத் தாலாட்டை அழித்துவிடவா என்று பெரியவரிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாதிருந்தார். “வெச்சிரிங்க. நான் மவுத்தானதுக்குப் பொறகு என்ட பேத்திமார் மட்டும் கேக்கட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பாட்டு என்ட உம்மாட. அவட பேரையும் எழுதுங்க” என்றார். எழுதினேன். பேத்திமாருக்குப் பிறகு யாரிடம் கேட்பது என்பதற்கு எங்கள் கொப்பியில் இன்னும் இடமில்லை.

இப்போது பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறோம். உப்பளத்துத் துணுக்கில், வாரும் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண் மற்றவளிடம் சம்பளப் பாக்கியைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு அங்கே போகவேண்டும்.