கவசம் களையும் மூன்று நாள்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள்தான் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசம் களைந்து, புற்று வடிவான திருமேனிக்குப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அப்புறம் அடுத்த கார்த்திகைதான். மற்ற நாளில் கும்பிட வருகிறவர்களுக்கு இதனால் பக்தி குறைவதில்லை. காணாத திருமேனியைக் கண்டதாக அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. நல்ல விஞ்ஞானியின் மனமும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அப்படி ஏன் தோன்றுகிறது என்பதற்குக் கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடலே சாட்சி. 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். தென்மேற்குப் பருவத்தில் அலை மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் மணல் போவது வடக்கேதான். சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது, குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் போயின. கருங்கல் கொட்டினார்கள். பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் வந்தன. வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மணல் திரும்பிச் சேர்ந்தது. அரிப்போ எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது.

இதைக் கண்டு, படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணல் எத்திசையில் போகிறது, எந்தக் கல் எதை நிறுத்தும் என்பதெல்லாம் அளந்து அறிந்த உண்மைகள். ஆனால் ஒவ்வொரு விடையும் வடக்கே ஒரு புதுக் கேள்வியை விட்டுச் செல்கிறது. அந்தக் கேள்விக்கும் இடம் வைத்திருப்பதே அறிவின் பணிவு. "இதுவரை அளந்ததில் இவ்வளவு" என்று ஒருவர் சொல்லும்போது, அதில் ஒரு பிரார்த்தனையின் அடக்கம் எனக்குக் கேட்கிறது.

விடியற்காலையில் வலையை எடுக்குமுன் கரையில் நின்று நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்க்கிறார் மீனவர். நேற்றைய கடல் அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் இன்றும் பார்க்கிறார். அவருடைய அறிவு அப்படி வளர்ந்ததுதான்.

அடுத்த கல்லைக் கொட்டுமுன் வரைபடத்தோடு குப்பத்துக்குப் போய் அந்த மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வல்லுநர் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றால், தயவுசெய்து அவரை இகழாதீர்கள். உண்மைக்கு அஞ்சுகிறவர்தான் அப்படிச் சொல்வார்.