திரௌபதி கழுவி வைத்த பாத்திரம்

(திருச்சுழியில் மார்கழி மாதம் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நோட்டீசில் 'மகாபாரதத்தில் பக்தி' என்று போட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது ஏனம் விளக்குகிறதைப் பற்றி. மகாபாரதமும் வரும், பயப்படாதீர்கள்.

பாண்டவர்கள் காட்டில் இருக்கிறார்கள். சூரியன் தர்மருக்குக் கொடுத்த அட்சய பாத்திரம் இருக்கிறது. அதற்கு ஒரு சட்டம் உண்டு. எத்தனை பேர் வந்தாலும் அன்னம் வரும். ஆனால் திரௌபதி சாப்பிட்டு முடித்துவிட்டால் அவ்வளவுதான், இனி மறுநாள். அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவாள். இது தெரிந்த துரியோதனன், அவள் சாப்பிட்டு முடிக்கிற நேரமாகப் பார்த்து துர்வாசரையும் பத்தாயிரம் சீடர்களையும் அனுப்பி வைக்கிறான். முனிவர் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறேன் என்று போகிறார். திரௌபதி கிருஷ்ணனை நினைக்கிறாள். அவன் வந்தானே, வந்தவன் என்ன செய்தான்? "எனக்குப் பசிக்கிறது, பாத்திரத்தைக் கொண்டா" என்றான். பார்த்தால், அதன் கழுத்தில் துளிக் கீரையும் ஒரு பருக்கையும் ஒட்டியிருக்கின்றன. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆற்றில் நின்ற அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள்.

"அப்ப, ஒழுங்கா விளக்காம விட்டதுதானே சாமி காப்பாத்துச்சு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மருமகள்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். (சிரிப்பு) ஆனால் அந்தப் பருக்கை எங்கே ஒட்டியிருந்தது என்று கவனியுங்கள். அடியில் இல்லை, வயிற்றில் இல்லை. கழுத்தில். ஏனம் விளக்குகிற தாய்மார்களுக்கு உடனே புரிந்திருக்கும். அடியையும் பக்கத்தையும் எவரும் தேய்த்துவிடலாம். விளிம்பு மடிப்புக்குக் கீழே, தூக்குவாளிக் காது பொருந்துகிற இடத்தில், குக்கர் மூடி ரப்பர் உட்காருகிற பள்ளத்தில்தான் அழுக்கு ஒளிந்துகொள்ளும். இந்தக் கதையை முதலில் சொன்னவர் எவரோ, அவர் கையால் பாத்திரம் கழுவியவர். வெறும் பண்டிதருக்குக் கழுத்து தோன்றாது.

கழுவத் தண்ணீர் வேண்டுமே. இந்தத் தலத்துக் கதையே வெள்ளத்தைப் பற்றியதுதான். பெருகி வந்த பிரளயத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்திச் சுழித்து உள்ளே போகவைத்தார் என்று சொல்கிறோம். அப்படி உள்ளே போன தண்ணீரைத்தான் இன்றைக்கும் போர் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்! (சிரிப்பு) குண்டாற்றில் மணலைப் பார்க்கிற நாள்தான் அதிகம். நல்ல தண்ணீர் முறைவைத்து வருகிறது. போரில் பல இடத்தில் உப்பு. இங்கே வீட்டில் பாத்திரம் கழுவுகிறதே ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைப் பழைய மனுஷிகள் நன்றாகப் போட்டார்கள். முதலில் தண்ணீரே இல்லாமல் வழித்தெடுப்பது. சோற்றுப் பானையை அலசின தண்ணீர் கழனிப்பானைக்கு, அங்கிருந்து மாட்டுக்கு. எண்ணெய் படாத டம்ளர், செம்பு முதலில், தட்டு அடுத்தது, தாளித்த சட்டியும் பணியாரக் கல்லும் கடைசியில். பால் பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றக்கூடாது, பால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சுடுதண்ணீர். ஒவ்வொன்றையும் குழாயடியில் பிடித்துக் கழுவாமல், எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கிவிட்டு இரண்டு வாளியில் முக்கி அலசுவது. இரண்டாவது வாளித் தண்ணீர்தான் அடுத்த ஈட்டுக்கு முதல் வாளி. முதல் வாளித் தண்ணீர் முருங்கைக்கு.

தேய்க்க எதை எடுத்தார்கள்? அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துத் திரியவைத்துவிடும். சாம்பலில் இருக்கிற காரம் அந்தக் கடினத்தைக் கொஞ்சம் முறிக்கும். எண்ணெயோடு சேர்ந்து தானே சோப்பு மாதிரி வேலையும் செய்யும். நம் வயலைக் கெடுத்த சீமைக் கருவேலம் உருப்படியாகக் கொடுத்தது கரியும் சாம்பலும்தான். பித்தளைக்குப் புளி. ஈயச்சட்டி என்று நாம் சொல்கிற அலுமினியச் சட்டிக்குக் காரமும் ஆகாது, புளியும் ஆகாது. கழுவி முடிந்ததா என்று கண்ணால் பார்க்கக்கூடாது. விரலால் வழித்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மணக்கிறதா என்று முகர்ந்தும் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், மூக்கு ஏமாறாது.

இந்த இடத்தில் என்னைப் போன்றவர்கள் வழக்கமாக என்ன செய்வோம்? "பாத்திரம் என்பது மனம், சாம்பல் என்பது வைராக்கியம்" என்று ஆரம்பித்துவிடுவோம். அதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணர், குரு தோதாபுரியிடம் கேட்டார்: பிரம்ம ஞானம் வந்த பிறகும் ஏன் தினமும் தியானம்? தோதாபுரி பளபளத்த தன் லோட்டாவைக் காட்டினார். தினமும் துலக்காவிட்டால் மங்கிப் போகாதா என்றார். "பாத்திரம் தங்கமாக இருந்தால்?" என்று ராமகிருஷ்ணர் திருப்பிக் கேட்டார். அருமையான பதில். ஆனால் அந்தப் பதிலில் மயங்கி நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். தோதாபுரி அந்த லோட்டாவைத் தன் கையால்தான் துலக்கினார். அதற்கப்புறம்தான் அதை உவமையாக்கினார். நாம் உவமையை எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். தட்டைப் பெண்கள் எடுப்பார்கள். தத்துவத்தை நாம் பேசுவோம்!

இந்த ஊர் வேறு மாதிரி ஒருவரைப் பெற்றது. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாளில், இந்தத் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ரமணர் பிறந்தார். அப்பா வக்கீல் சுந்தரம் அய்யர்; வீட்டில் பாதியை விருந்தாளிகளுக்கென்றே விட்டவர். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே சாப்பாடு. அப்படியானால் அம்மா அழகம்மாளின் புழக்கடையில் எவ்வளவு ஏனம் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்பாடு திருவண்ணாமலை ஆசிரமத்தில் விடிவதற்கு முன்பே ரமணர் அடுக்களைக்குள் போய்விடுவார். காய் நறுக்குவார், அரைப்பார், கிண்டுவார். கொட்டிக் கிடக்கிற பருக்கையைப் பொறுக்குவார். எல்லோருக்கும் என்ன விழுகிறதோ அதுவே தன் இலையிலும் விழவேண்டும், கூடக் கூடாது என்பார். அவர் எழுந்த பிறகு இலையில் ஒரு பருக்கை மிச்சமிருக்காது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாத்திரம் சுத்தமாவது குழாயடியில் இல்லை, சாப்பிடுகிற இடத்தில்தான் தொடங்குகிறது. மீதி வைக்காமல் சாப்பிட்ட தட்டுக்கு அரைச் செம்புத் தண்ணீர் போதும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். லங்கர் என்கிற பொதுப் பந்தியில் சாப்பிட்ட தட்டுகளைப் பணக்காரர், ஏழை என்றில்லாமல் வரிசையாக நின்று கழுவுவார்கள். தவறு செய்தவர்களுக்கு அகால் தக்த் என்கிற சீக்கியத் தலைமைப் பீடம் அதையே பரிகாரமாகவும் விதிக்கும். 2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதலுக்கே லங்கரில் பாத்திரம் கழுவச் சொல்லி விதித்தார்கள். அங்கே குற்றத்துக்குப் பரிகாரம். நம் வீட்டில் ஒரு குற்றமும் செய்யாதவளுக்குத் தினமும் மூன்று வேளை!

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் பேசியது அரைகுறை. டீக்கடையில் ஒரு சாரார் மட்டும் தனிக் குவளையில் குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று வைத்திருந்த ஜில்லாக்கள் நம்முடையவை. அதே தண்ணீர், அதே கைவேலை. அங்கே அது அவமானம், லங்கரில் தொண்டு. அடுத்தவன் எச்சிலை நான் தொடுவேன் என்று ஒருவன் தானாகக் கை நீட்டுகிறபோதுதான் அது தொண்டு. ராஜசூய யாகத்தில் வந்தவர்களின் காலைக் கழுவுகிற வேலையைக் கிருஷ்ணன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். எச்சில் இலையும் எடுத்தான் என்று நம் கதைக்காரர்கள் சேர்த்துச் சொல்வார்கள். சேர்த்தது தப்பில்லை.

நேரமாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் மண்டபத்தில் அன்னதானம். சாம்பார் அண்டா, சோற்று அண்டா எல்லாம் அப்புறம் பின்பக்கம் வரும். தொட்டியில் இருக்கிற தண்ணீர்தான், இன்றைக்கு லாரி வராது. தாய்மார்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். நாரும் சாம்பலும் எடுத்து வைத்திருக்கிறது. விளிம்புக்குக் கீழே விரல் விட்டுப் பார்ப்பேன்.