எதுக்கு இம்புட்டு?

கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி மதுரைப் பக்கம் வரும்போது சாலையோரம் ஒரு டீக்கடை உண்டு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு ட்ரயம்ஃப் ராக்கெட் 3 நின்றிருந்தது. படத்தில் மட்டுமே பார்த்திருந்த வண்டி. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒருவர் டேங்க்கில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். வண்டிக்காரர் பெருமையும் கூச்சமுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த பெரியவர் ஒருவர் அதை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து கேட்டார். "எம்புட்டு சிசி தம்பி?"

"ரெண்டாயிரத்து நானூத்தி அம்பத்தெட்டு ஐயா."

பெரியவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அது நூறு சிசி. "எதுக்குப்பா இம்புட்டு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். "பிரேக்குப் புடிச்சா நிக்குமா?"

அதற்கும் சிரித்தோம். இரண்டு கேள்விகளில் முதலாவதுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. இரண்டாவது வந்து சேர நாளாயிற்று.

*

'மஸில் க்ரூஸர்' என்கிற வகை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். க்ரூஸர் என்றால் தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், முன்னால் சாய்ந்து நீளும் ஃபோர்க். நேர்ச்சாலையில் சாவகாசமாகப் போவதற்கான வண்டி. அதற்குள் பந்தய வண்டியின் பலத்தைத் திணித்தால் அது மஸில் க்ரூஸர். யமஹா 1985இல் வெளியிட்ட வி-மேக்ஸ் இந்த வகையின் மூத்த அண்ணன். 1198 சிசி, நான்கு சிலிண்டர், ஏறக்குறைய 145 குதிரைத்திறன். சுமார் 6000 சுற்றுகளுக்கு மேல் போனால் உள்ளே வால்வுகள் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கார்புரேட்டர்களிலிருந்து எரிபொருள் பாயும். அதுவரை சாதுவாக இருந்த வண்டி அதற்குப்பின் வேறு பிராணி.

அந்த வண்டியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. டேங்க் போலத் தெரிவது அதில் டேங்க் இல்லை. பெட்ரோல் இருப்பது சீட்டுக்கு அடியில். இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சுகிற வாய்போலத் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்கள் வழியாக எந்தக் காற்றும் போகாது. சும்மா அழகுக்கு. நிஜமாகவே அசுர பலம் கொண்ட ஓர் இயந்திரம், அந்தப் பலம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகப் பொய்யும் சொல்கிறது. நேரே போவதில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் வளைவுகளில் சட்டகம் எஞ்சினுக்கு ஈடுகொடுக்காமல் தடுமாறும் என்ற புகார் கடைசிவரை அதன்மேல் இருந்தது.

ராக்கெட் 3 அதன் பேரன். இன்ஜினியரிங்கில் எவ்வளவோ முன்னேறியது. 2458 சிசியை மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டர் 819 சிசி. நம் நடுத்தர வர்க்கத்தின் முதல் காரான மாருதி 800இன் மொத்த எஞ்சினே 796 சிசிதான். ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறிய எஞ்சினைவிடப் பெரிய சிலிண்டர்கள் மூன்று, ஒரு மனிதனின் முழங்கால்களுக்கு நடுவே.

எதுக்கு இம்புட்டு?

*

முதலில் நான் பெரியவர் கட்சிதான். அந்தக் கட்சிக்கு வாதங்கள் நிறைய. நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான் வரம்பு என்கிறது மத்திய அரசின் 2018 அறிவிப்பு. இந்த வண்டி அதன் இருமடங்கை அலட்சியமாகத் தாண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூடப் பாடம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எங்கள் சாலைகளில் ஆடு வரும், எதிர்த்திசையில் டிராக்டர் வரும், திருவிழாக் காலத்தில் பாதயாத்திரைக் கூட்டம் வரும். இங்கே இந்தப் பலத்தால் யாருக்கு என்ன பயன்?

என்னிடமும் ஒரு சூப்பர் மீட்டியார் 650 இருக்கிறது. 648 சிசி, 47 குதிரைத்திறன், 241 கிலோ. அதை மஸில் க்ரூஸர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலமாசி வீதியில் அதை உருட்டிப் பார்த்தால் எருமையைக் குளிப்பாட்டக் கூட்டிப் போவது போலத்தான். சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூடு தொடையைப் பொசுக்கும். கடன் வாங்கி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா கேட்டதும் அதே கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. "புடிச்சிருக்குப்பா" என்றேன். தேவையில்லாததை ஆசைப்பட்டு வாங்குவது சின்னதாகவாவது ஒரு தப்புதான் என்றே அப்போதும் நினைத்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு செய்தி. 2025 பிப்ரவரியில், மதுரைக்கு அருகே சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியது பிடிக்காமல் வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. அந்த மாணவருக்குச் சிகிச்சை நடந்தது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில். கோரிப்பாளையத்தில் நான் எஞ்சின் சூட்டை நொந்துகொண்டு நிற்கிற சிக்னலிலிருந்து கூப்பிடு தூரம்.

*

புல்லட்டின் பலம் எவ்வளவு? இன்றைய புல்லட் 350இன் எஞ்சின் 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன். அதே அளவு எஞ்சினில் இரண்டு மடங்கு பலம் தருகிற வண்டிகள் கல்லூரி வாசல்களில் வரிசையாக நிற்கின்றன. வேகத்தாலோ விலையாலோ புல்லட் பெரிய வண்டி அல்ல. அதன் கனம் வேறு இடத்திலிருந்து வந்தது. ராணுவத்துக்காக வாங்கப்பட்டு, 1955 முதல் திருவொற்றியூரில் உருவான வண்டி அது. பட்டாளத்துக்காரர், போலீஸ்காரர், பண்ணையார், ஊர்த்தலைவர் என்று அதிகாரம் உள்ளவர்களின் தொடைகளுக்கு நடுவே அறுபது எழுபது வருடம் உறுமி உறுமி, அந்த உறுமலே அதிகாரத்தின் குரல் என்று நம் காதுகள் பழகிவிட்டன.

ஆகவே கேள்வி குதிரைத்திறனைப் பற்றியதே அல்ல. 165 குதிரைத்திறன் கொண்ட வண்டியை டீக்கடையில் சூழ்ந்து நின்று ரசிக்கிறோம். 20 குதிரைத்திறன் கொண்ட வண்டிக்காக ஒருவரின் கை வெட்டப்படுகிறது. 'எதுக்கு இம்புட்டு' என்பது பெரியவர் வாயில் வெள்ளந்தியான கேள்வி, அப்பா வாயில் கடனைப் பற்றிய கவலை. அதையே அரிவாள் கேட்கும்போது 'உனக்கு எதுக்கு' என்று ஆகிறது. நான் பிறந்த சாதியில் அந்த முதல் சொல்லை என்னிடம் யாரும் சேர்த்ததில்லை. என்னிடம் கேட்டபோது அப்பாவின் கையில் காபி டம்ளர்தான் இருந்தது.

'தேவைக்கு மேல் வேண்டாம்' என்பது நல்ல அறிவுரை என்றுதான் வளர்ந்தோம். ஆனால் தேவையை அளக்கும் முழக்கோல் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. தென்மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில் ஆதிக்கச் சாதித் தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மனிதர்களுக்குச் செருப்பே தேவைக்கு மேல் என்று யாரோ அளந்து வைத்திருந்தார்கள். எளிமையை நானாகத் தேர்ந்தெடுத்தால் அது அறம். இன்னொருவர் தலையில் அதைச் சுமத்தினால் அதற்குப் பெயர் வேறு.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ராக்கெட்காரரையும் அந்த மாணவரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒருவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. மற்றவருக்குச் சொந்தத் தெருவில் நிமிர்ந்து போகிற உரிமை. லட்சக்கணக்கில் விலையுள்ள பொம்மையும் புல்லுக்கட்டும் ஒரே டீக்கடையில் நிற்கிற நாட்டில் என் சங்கடம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சங்கடத்தைக் கூலியைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒரு மனிதனை நிறுத்தி வைத்து 'உனக்கு எதுக்கு' என்று கேட்டல்ல.

*

அப்படியானால் பலம் உள்ளவனிடம் எதையுமே கேட்கக் கூடாதா? காசு இருக்கிறது, உரிமை இருக்கிறது, வண்டி என்னுடையது, போ என்று விட்டுவிடலாமா?

பெரியவரின் இரண்டாவது கேள்வி எனக்கு விளங்கியது என் சொந்தத் தப்பில்தான். வாங்கிய இரண்டாம் வருடம் முன் பிரேக் லீவர் பஞ்சுபோல உள்ளே போக ஆரம்பித்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச்சேரக் கொதிநிலை குறைந்துவிடும். தொடர்ந்து பிரேக் போட்டுச் சூடேறினால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகிப் பிடிமானம் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கையேட்டில் இருக்கிறது, எனக்கும் தெரியும். அந்த மூன்று மாதத்தில் நான் என்ன செய்தேன்? தோல் பை வாங்கி மாட்டினேன். டேங்க்குக்கு மெருகேற்றினேன். செயினுக்கு லூப் அடிக்கக்கூட நேரமில்லை, குரோம் துடைக்க நேரம் இருந்தது. வி-மேக்ஸின் பொய் வாய்களைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு கிளைச்சாலை. தாமரைக் கண்மாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண் குறுக்கே வந்தாள். லீவர் கைப்பிடிவரை போயிற்று. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, வண்டி கோணிக்கொண்டு நின்றபோது என் முன் சக்கரத்துக்கும் அவள் சைக்கிளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவள் என்னைத் திட்டவில்லை. பயந்துபோய் "சாரிண்ணே" என்றாள். தப்பே செய்யாத பெண் மன்னிப்புக் கேட்டாள், என் வண்டி பெரிதாக இருந்ததால். அந்த 'சாரிண்ணே'தான் இன்றும் குடைகிறது.

முனிச்சாலைப் பக்கம் எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். எந்த வண்டி வந்தாலும் அவர் எஞ்சின் சத்தத்தை முதலில் கேட்பதில்லை. டயரில் நகத்தை வைத்துப் பார்ப்பார், பிரேக் பேடைக் குனிந்து பார்ப்பார், செயினை விரலால் தூக்கிப் பார்ப்பார். அன்றைக்கு நடந்ததைச் சொன்னதும், "ஓடலேன்னா வண்டிக்காரனுக்கு நட்டம். நிக்கலேன்னா ஊருக்கு நட்டம். அதான் மொத அதப் பாக்குறது" என்றார். நான் படித்த எந்த நீதி நூலும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

பராமரிப்பு என்பதை வண்டியின் மீதான பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. மெருகேற்றுவது எனக்காக. பிரேக் ஆயில் மாற்றுவது நான் இன்னும் சந்திக்காத ஒருவருக்காக. வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூடுதலாக அந்தக் கடன் ஏறுகிறது. 241 கிலோவை வாங்கியவன் அதை நிறுத்தும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கியிருக்கிறான். மாதத்தவணைச் சீட்டில் அது எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

'எதுக்கு' என்ற கேள்வி ஆள் பார்த்துக் கேட்கப்படுகிறது. 'நிக்குமா' என்பதற்கு ஆள் தெரியாது, சாதி தெரியாது, சிசி தெரியாது. எக்ஸெல்லிடமும் கேட்கலாம், ராக்கெட்டிடமும் கேட்கலாம். அரிவாளோடு வந்தவர்களிடமும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் ஊர் பலம், சாதி பலம், பரம்பரை பரம்பரையாக வந்த பலம். அதில் பிரேக் என்று ஒன்று வைத்திருந்தார்களா? அந்தப் பலம் எதற்கு என்று அவர்களை யாரும் அதுவரை கேட்டதாகவும் தெரியவில்லை.

அன்றைக்கு ராக்கெட்காரர் பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் சிரித்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் சிரிக்காமல், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முன் சக்கரத்தருகே பெரியவரோடு குத்தவைத்து உட்கார்ந்து டிஸ்க்கைத் தொட்டு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.