பூட்டின் பழுதை மறைக்கலாமா?

ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே கொல்லன் செய்த பூட்டு. அந்தப் பூட்டிலே ஒரு பழுது. ஆணியொன்றை நுழைத்தால் திறந்துகொள்ளும். ஊர்க்காவலன் அதைக் கண்டுகொண்டான். கண்டவன் செய்ய வேண்டுவது யாது? "பூட்டைச் செப்பனிடுங்கள்" எனப் பறையறைவதா? "கள்வன் வீட்டிலே நுழைந்து வேவு பார்க்க எனக்குப் பயன்படும்" எனக் கமுக்கமாக வைத்துக்கொள்வதா?

கற்பனையன்று, தோழர்களே! நம் காலத்திலே நடந்தது.

2017, மே 12. இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலே கணிப்பொறிகள் திடீரென முடங்கின. திரையிலே மிரட்டல்: 300 டாலர் கொடு, இன்றேல் கோப்புகளை மறந்துவிடு! வானாக்ரை எனும் அந்த நச்சுநிரல் சில நாட்களிலே ஏறத்தாழ 150 நாடுகளிலே பரவிற்று. இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 சிகிச்சைகளும் சந்திப்புகளும் தடைப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. நோயாளி வந்தான், வாயில் அடைத்திருந்தது.

ஆண்டவன் கோபமா? கலியின் கொடுமையா? அல்ல, அல்ல! மனிதர் செய்த வினை. விண்டோஸ் எனும் இயக்கமுறையிலே இருந்த பழுதைக் கண்டு, அதன்வழி நுழையக் கருவி செய்தது அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை. ஐந்தாண்டுகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தியது என 2017இல் எழுதிற்று வாஷிங்டன் போஸ்ட் ஏடு. காவலனின் கருவியே களவு போயிற்று! ஏப்ரலிலே ஷேடோ புரோக்கர்ஸ் எனும் கூட்டம் அதை உலகறிய வீசியது. மே மாதத்திலே கொள்ளையர் கைக்கு ஆயுதமாயிற்று. கொள்ளையர் வடகொரியாவைச் சார்ந்தோர் என அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் அறிவித்தன.

"மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழுதைச் சரிசெய்யும் நிரலை வெளியிட்டதே! ஏற்றுக்கொள்ளாதது மருத்துவமனைகளின் குற்றமன்றோ?" என்பர் சிலர். குற்றந்தான், மறுப்பாரில்லை. ஆனால் இரண்டு திங்கள் அசந்திருந்தவனைக் கண்டிக்கும் நா, ஆண்டுக்கணக்கில் வாய்மூடி இருந்தவனைக் கண்டிக்கக் கூசுவானேன்?

"பகைவரைக் கண்காணிக்க வேண்டாமா?" எனக் கேட்பர். வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு பகைவன் வீட்டிலே மட்டுமா தொங்குகிறது? தாயின் வீட்டிலும், தாதியின் அறையிலும் அதுதானே தொங்குகிறது! பகைவனுக்காகத் திறந்து வைத்த கதவு, பாமரனுக்கும் திறந்த கதவே.

ஓதாதே, கேளாதே என்று அறிவைச் சிலர் தம் மடியிலே முடிந்துவைத்த கொடுமையை எதிர்த்து வளர்ந்தது நம் இயக்கம். அன்று அதற்குப் பெயர் மறை. இன்று அரசாங்க இரகசியம். பெயர் மாறிற்று, பிறர் அறியாமையிலே பிழைக்கும் பழக்கம் மாறவில்லை.

கண்டறிந்த பழுதைச் சொல்வதா, மறைப்பதா என முடிவு செய்யும் விதிமுறையை 2017 நவம்பரிலே வெளியிட்டது வெள்ளை மாளிகை. விதி வெளிச்சத்துக்கு வந்தது நன்றே. ஆனால் முடிவு செய்யும் குழுவிலே அமர்வோர் அரசுத் துறையினர். வேவுத்துறைக்கு அங்கே நாற்காலி உண்டு. மருத்துவமனைக் கட்டிலிலே கிடப்பவனுக்கு இல்லை.

எந்த அரசாயினும் சரி, பழுதைச் சொல்வது சட்டப்படி கடமையாகட்டும். மறைப்பதாயின் காலவரம்பு இருக்கட்டும். மக்கள் மன்றத்துக்குக் கணக்குக் காட்டப்படட்டும். ஆபத்தைச் சுமப்பவன் எவனோ, அதை அறியும் உரிமையும் அவனுடையதே. அதை மறுக்கும் காவல், காவலன்று, களவுக்குக் கால்கோள்!