ஆறு மணிப் பிரார்த்தனை

2020 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை, மாலை 6 மணி. ஊரடங்கில் ஒடுங்கிக் கிடந்த தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் கேட்டது. இயக்குநர் பாரதிராஜா விடுத்த அழைப்பை ஏற்று, இளையராஜா, ரஜினிகாந்த், கமல்ஹாசன், ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிப் பேர் தெரியாத ரசிகர்கள் வரை அவருடைய பாட்டை ஒலிக்கவிட்டு, அவர் பிழைத்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். அமைந்தகரையில் அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனை வாசலில் மெழுகுவத்தி ஏந்தி நின்றவர்களும் உண்டு.

அவர் வரவில்லை. ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றோடு உள்ளே போனவர், 51 நாள் கழித்து, செப்டம்பர் 25 பிற்பகல் 1.04 மணிக்குக் காலமானார். வயது 74.

அப்படியென்றால் அந்தப் பிரார்த்தனை என்ன ஆயிற்று?

ஆஸ்திகருக்கு இது லேசான கேள்வி இல்லை. ஹரிகதை சொல்லிப் பிழைத்த சாம்பமூர்த்தியின் மகன் அவர். லிங்காஷ்டகம் என்றாலே பல வீடுகளில் அவர் குரல்தான். கண்ணதாசன் எழுத, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த ‘கிருஷ்ண கான’த்தில் ஆயர்பாடிக் கண்ணனைத் தாலாட்டியவரும் அவரே. மார்கழி விடியலில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கோயில் ஒலிபெருக்கி அவரைக் கொண்டுதான் சாமியை எழுப்புகிறது. தன்னைப் பாடிய வாயைச் சாமி காப்பாற்றக் கூடாதா?

‘எல்லாம் விதி’ என்று முடித்துவிடலாம். ஆனால், தொற்றில் மூச்சு திணறிப் போனவரிடம் முன்வினைக் கணக்கைக் காட்டுவது கருணையில்லாத பேச்சு. அதை விடையாக ஏற்க முடியாது. ‘அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததே’ என்று பெரியபுராணத்தைக் காட்டுவோரும் உண்டு. அதே பெரியபுராணத்தில் வேறொருவரும் இருக்கிறார். ஆவடிக்கு மேற்கே, ரயிலில் சிறிது தூரத்திலேயே அவருடைய ஊர்.

திருநின்றவூர்ப் பூசலார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். அலைந்தும் பொருள் கிடைக்கவில்லை. உடைந்துபோகாமல் உள்ளுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கல், மரம், தச்சர், நல்ல நாள் எல்லாம் மனத்தில். அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் சுற்றிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில்தான் காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. அரசன் கனவில் சிவன் வந்து, ‘நான் நின்றவூர் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள்’ என்றாராம். அரசன் அந்த ஊருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டான். அப்படியொரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார்.

அந்த ஆகஸ்ட் மாலையைப் பூசலாரை வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஆறு மணிக்கு அவ்வளவு பேரும் மந்திரம் சொல்லவில்லை, நேர்ந்துகொண்டதோடு நிறுத்தவும் இல்லை. அவர் பாட்டையே போட்டார்கள். ‘இதைத் தந்தவர் இவர், இவரை எங்களுக்கு விடு’ என்பதுதான் அந்த வேண்டுதல். கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்டபோது உள்ளே எழும்பிய ஒன்று இடிந்துபோகவும் இல்லை. பிரார்த்தனையின் பலனை மருத்துவமனை அறிக்கையில் மட்டும் தேடுவது, பூசலார் கோயிலைத் தெருவில் தேடிய கதைதான்.

செப்டம்பர் 26 அன்று, தாமரைப்பாக்கத்தில் அவருடைய பண்ணை நிலத்திலேயே, காவல்துறை மரியாதையோடு நல்லடக்கம் நடந்தது. நுங்கம்பாக்கம் வீட்டில் கூட்டம் தாங்காமல் முந்தின இரவே உடலை அங்கே கொண்டுபோயிருந்தார்கள். இன்றும் நினைவு நாளில் அங்கே பூவோடு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மனிதரைச் சாமியாக்குவது சரியா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தேடிச் சீர்படுத்தி, கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் செய்ததை யாரும் குறை சொல்வதில்லை. அங்கே படைக்கப்படுவது தியாகராஜர் தந்த பாட்டு. வாங்கியதைத் திருப்பிப் பாடுவது நன்றி. அதை விக்கிரக வழிபாட்டோடு குழப்ப வேண்டாம். பாலசுப்ரமணியத்துக்கே இது தெரிந்திருந்தது. சபரிமலையில் தன்னை டோலியில் சுமக்க வந்த தொழிலாளர்களின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் ஏறினார். இறந்தபின் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பகிர்ந்துகொள்ளும் படங்களில் அதுவும் ஒன்று.

வருகிற செப்டம்பர் 25 அன்று தாமரைப்பாக்கம் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பிற்பகல் ஒரு மணிக்கு, செய்கிற வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, அவர் பாட்டு ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசிச் சரணம் வரை நிறுத்தாமல் கேளுங்கள்.